எங்கே போய்க் கேட்பது என்று சொல்லிக்கொடுங்கள்

பள்ளிப் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாகச் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியை. அரசியலையும் அரசாங்கம் நடக்கும் விதத்தையும் எல்லா மாணவர்களும் கட்டாயம் படிக்க வேண்டுமா, ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் எடுத்துப் படித்தால் போதுமா என்ற கேள்வி உங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழும், ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போகும். கட்டாயம் படிக்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இப்போது குடிமையியல் என்ற பெயரில் நடப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, வாரத்துக்கு இன்னும் இரண்டு பாடவேளை கூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால், தயவுசெய்து அது வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

என்னிடம் படித்த ஒரு பெண், பள்ளி முடித்த மறு வருடம் என்னைத் தேடி வந்தாள். குடிமையியலில் அவள் மதிப்பெண் இழந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. மேலவைக்கும் கீழவைக்கும் உள்ள வேறுபாடு என்ன என்று கேட்டால் நடுவில் கோடு போட்டு அட்டவணையாக எழுதிக் கொடுப்பாள். மேற்படிப்புக்கு அவள் கேட்டிருந்த உதவித்தொகையை ஒரே வரியில் மறுத்திருந்தார்கள், காரணம் எதுவும் இல்லை. அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "இதை எங்கே போய்க் கேக்கிறது மிஸ்?" என்றாள். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில், 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று போட்டிருந்தது. அவள் என்னிடம் வந்தது 41ஆவது நாள். அந்த வரியை அவள் படிக்காமல் இல்லை, படித்திருக்கிறாள். மேல்முறையீடு என்றால் நீதிமன்றம், வக்கீல், பணம் என்று ஏதோ பெரிய மனிதர்களின் விவகாரம், நமக்கில்லை என்று நினைத்து மடித்து வைத்துவிட்டாள். ஒரு வெள்ளைத் தாளில் அவளே எழுதிக் கொடுத்திருக்கலாம் என்பதை, மூன்று வருடம் அவளுக்குப் பாடம் எடுத்த நான் ஒரு நாளும் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அதிகார வரம்பைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் நடத்தியிருக்கிறேன், அதை அவள் பிழையில்லாமல் எழுதியும் இருக்கிறாள்.

அன்றிலிருந்து இந்தப் பாடத்தை வேறு எதை வைத்தும் எனக்கு எடைபோடத் தெரியவில்லை. தன்னைப் பாதிக்கும் ஒரு முடிவை யார் எடுத்தார்கள், எந்த விதியின்படி எடுத்தார்கள், அதை மாற்றச் சொல்லி எங்கே போய்க் கேட்பது, பள்ளியை விட்டு வெளியே போகும் பிள்ளைக்கு இது தெரியுமா தெரியாதா? தெரியாது என்றால் அவள் வாங்கிய நூற்றுக்கு நூறை வைத்து நான் என்ன செய்ய?

"அரசியல் ஒரு சாக்கடை, பிள்ளைகளை எதற்கு அதில் இறக்குகிறீர்கள்" என்று கேட்பவர்கள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலும் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள். அவர்களிடம் எனக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது: பிள்ளைகள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார்கள். வகுப்பில் நாற்பது பேரா அறுபது பேரா, எந்த மொழியில் பாடம், எந்த வயதில் எந்தத் தேர்வு, கழிப்பறையில் தண்ணீர் வருமா வராதா, இது எல்லாமே யாரோ சிலர் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு. அந்த முடிவோடுதான் அவர்கள் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை இருக்கிறார்கள். அதற்குப் பெயர் அரசியல் என்று சொல்லாமல் மறைக்கலாம், அவ்வளவுதான்.

1951இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் என்ற சிறிய ஊரில் நடந்ததை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வேன். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கிய உயர்நிலைப் பள்ளி அது. ஏறக்குறைய 180 பேருக்காகக் கட்டிய கட்டடத்தில் 450 பேர் படித்தார்கள். இடம் போதாமல் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. பெரியவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்கள். பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், தலைமையாசிரியரை ஒரு சாக்குச் சொல்லி வெளியே போகவைத்துவிட்டு, மொத்தப் பள்ளியையும் அரங்கத்தில் கூட்டிப் பேசினார். பிள்ளைகள் எல்லோரும் வகுப்பைப் புறக்கணித்து வெளியே வந்துவிட்டார்கள். இதுவரைக்கும் எந்த மாணவரிடம் சொன்னாலும் கண் விரியும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்ததுதான். யாரிடம் போனால் இது நகரும் என்று அந்தப் பிள்ளைகள் யோசித்தார்கள், கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வழக்காடிக்கொண்டிருந்த சங்கத்தின் வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். புதிய கட்டடம் மட்டும் கேட்பதென்றால் நாங்கள் வரவில்லை, நிறத்தை வைத்துப் பள்ளிகளைப் பிரிப்பதையே எதிர்ப்பதென்றால் வருகிறோம் என்றார்கள் அவர்கள். பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். அந்த வழக்கு மற்ற வழக்குகளோடு சேர்ந்து, 1954இல், பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக வந்தது. பிரவுன் வழக்கு என்று இன்று எல்லோருக்கும் தெரிகிற தீர்ப்புக்குள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கடிதமும் இருக்கிறது.

இந்தியாவில் 1986இல் வந்த தீர்ப்பு ஒன்றும் இப்படித்தான். கேரளத்தில் மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கையின் காரணமாகப் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மனசாட்சிச் சுதந்திரம் என்றால் என்ன என்று சட்டக் கல்லூரியில் இன்று படிக்கிற பாடம், பள்ளிச் சீருடையில் நின்ற மூன்று பிள்ளைகளால் வந்தது. இதைக் கேட்ட பிறகும், வயது வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வயதைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். வாக்களிக்கும் வயது உலகம் முழுக்க இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இந்தியாவில் 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்து 21ஐ 18 ஆக்கியது. பிரேசிலில் 1988 அரசியலமைப்பு, 16 வயதானவர்கள் விரும்பினால் வாக்களிக்கலாம் என்றது. ஆஸ்திரியா 2007இல் 16க்கு வந்துவிட்டது. ஜப்பான் 20ஐ 18 ஆக்கி, 2016 தேர்தலில் அந்தப் பிள்ளைகள் முதல் முறையாக வாக்களித்தார்கள். அதோடு அந்த நாடு நிற்கவில்லை, 2022இலிருந்து உயர்நிலைப் பள்ளியில் எல்லோருக்கும் குடிமை சார்ந்த கட்டாயப் பாடம் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்தது. வயதைக் குறைத்தால் வகுப்பறையிலும் ஏதாவது மாற வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்படிப் பேச ஆரம்பித்தால் உடனே யாராவது ஒருவர், "அதனால்தான் சொல்கிறேன், விவரம் தெரிந்தவனுக்கு மட்டும் ஓட்டுப் போடும் உரிமை கொடுக்க வேண்டும்" என்பார். நான் அதைச் சொல்லவில்லை, ஒருபோதும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்று வைத்துக் கறுப்பின மக்களை வாக்குச்சாவடிப் பக்கமே வரவிடாமல் செய்தார்கள், 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அது அடங்கியது. வாக்கு எல்லோருக்கும் உள்ளது, படித்தாலும் படிக்காவிட்டாலும். எல்லோருக்கும் உள்ளது என்பதால்தான் அதைப் பற்றிய படிப்பும் எல்லோருக்கும் போய்ச்சேர வேண்டும் என்கிறேன்.

விருப்பப் பாடமாக வைக்கலாமே என்ற யோசனையும் எனக்கு ஒத்துவராதது இதனால்தான். விருப்பப் பாடத்தை யார் எடுப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். வீட்டில் செய்தித்தாள் வாங்குகிற, அப்பாவோ அம்மாவோ அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற, சாப்பிடும்போது தேர்தலைப் பற்றி விவாதம் நடக்கிற வீட்டுப் பிள்ளைகள் எடுப்பார்கள். அவர்களுக்குப் பாதி விஷயம் வீட்டிலேயே கிடைத்துவிடும். ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் யாரைப் பிடிப்பது என்று கேட்க அவர்களுக்கு ஒரு சித்தப்பா இருப்பார். சித்தப்பா இல்லாத பிள்ளை இந்தப் பாடத்தை எடுக்காது, எடுத்தால் வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்பார்கள், அந்தக் கேள்வியும் நியாயமானதுதான். கணக்கும் மொழியும் எல்லோருக்கும் கட்டாயம் என்று வைத்திருக்கிறோம், ஆர்வத்தைக் கேட்டா வைத்தோம்?

சரி, இப்போது உண்மையிலேயே கனமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். கட்டாயம் என்று ஆக்கிவிட்டால், ஆட்சியில் இருப்பவர்கள் தங்களுக்குச் சாதகமானதைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவார்களே? ஏற்றுவார்கள். ஏற்றியிருக்கிறார்கள். கிழக்கு ஜெர்மனியில் குடிமைப் பாடம் கட்டாயமாகத்தான் இருந்தது, ஆளும் கட்சியின் கொள்கையை ஒப்பிப்பதுதான் பாடம். அந்த அரசு போனதோடு அதுவும் போனது. சோவியத் யூனியனில் 1988இல் பள்ளி வரலாற்றுத் தேர்வையே ரத்து செய்தார்கள், பாடப்புத்தகத்தில் இருந்தது உண்மையில்லை என்று அரசாங்கத்துக்கே தெரிந்துபோனதால். ஒரு நாடு முழுக்கப் பிள்ளைகள் அதுவரைக்கும் எழுதிய விடைகளை நினைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. ஹாங்காங்கில் 2009இல் எல்லோருக்கும் கட்டாயமாக வந்த ஒரு பாடம், நாட்டுநடப்பை விவாதிக்கவைத்த பாடம், 2019 போராட்டங்களுக்குப் பிறகு மாணவர்களைத் தூண்டிவிட்டது என்று பழி சுமத்தப்பட்டு, 2021இல் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள். ஆகவே பயப்படுகிறவர்கள் காரணமில்லாமல் பயப்படவில்லை.

இந்தப் பயத்தை நானே அனுபவித்திருக்கிறேன். ஒரு வருடம், செய்தியில் பெரிதாக அடிபட்டுக்கொண்டிருந்த ஒரு போராட்டத்தைப் பற்றிப் பத்தாம் வகுப்பில் பேச்சு வந்தது. ஆரம்பித்தது ஒரு மாணவன்தான், நான் இரண்டு பக்க வாதத்தையும் பலகையில் எழுதினேன். அன்று சாயங்காலம் ஒரு வீட்டில், "மிஸ் இப்படிச் சொன்னாங்க" என்று ஒரு பக்கம் மட்டும் போய்ச்சேர்ந்திருக்கிறது. மறுநாள் தொலைபேசி வந்தது, தலைமையாசிரியர் கூப்பிட்டு, "பாடத்தை மட்டும் நடத்துங்க" என்றார். நடத்தினேன். ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் பிள்ளைகள் பேசாமல் இருந்தார்களா? வாட்ஸ்அப்பில் வந்த காணொளிகளை வைத்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், அதில் பாதி வெட்டி ஒட்டியது, ஒன்று வேறு நாட்டில் வேறு வருடத்தில் எடுத்தது. ஒரு பையன் அதை வைத்து இன்னொரு பையனோடு அடிதடிக்குப் போனான். நான் நடுநிலையாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். உண்மையில் அந்த இடத்தை வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்திருந்தேன், யாருக்கு என்றுகூட எனக்குத் தெரியாது.

இதற்கு ஒரு வழி உண்டா என்று தேடியபோதுதான் பாய்டல்ஸ்பாக் என்ற பெயரைப் பார்த்தேன். மேற்கு ஜெர்மனியில் ஒரு ஊர். 1970களில் அங்கே அரசியல் கல்வியை எப்படி நடத்துவது என்று இடதுசாரிகளும் வலதுசாரிகளும் கடுமையாக மோதிக்கொண்டிருந்தார்கள், நாஜி ஆட்சியைப் பார்த்த நாடு, பக்கத்திலேயே கிழக்கு ஜெர்மனி, பிள்ளைகளின் தலையில் ஏற்றுவது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1976இல் எதிரெதிர் அணியில் இருந்த கல்வியாளர்களை அந்த ஊரில் உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை, கையெழுத்துப் போடவில்லை. ஹான்ஸ் கியோர்க் வேலிங் என்பவர், எல்லோரும் மறுக்காமல் ஒத்துக்கொண்டதாகத் தனக்குப் பட்ட மூன்று விஷயங்களைத் தொகுத்து எழுதினார். மாணவரைத் திக்குமுக்காடவைத்து உன் கருத்தை ஏற்கச் செய்யாதே, சுயமாக யோசிக்க இடம் விடு, இது ஒன்று. அறிஞர்களுக்கு நடுவிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே வை, முடிந்துபோன விஷயம்போல நடத்தாதே. மூன்றாவது, ஒரு சூழ்நிலையில் தன் நலன் எங்கே இருக்கிறது, அதற்காகத் தான் என்ன செய்ய முடியும் என்று மாணவர் தானே கண்டுபிடிக்கும் திறமையைக் கொடு. ஜெர்மனியில் இன்றைக்கும் இதைத்தான் அடிப்படையாகச் சொல்கிறார்கள்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, அது என் மாணவி கேட்ட கேள்வியேதான். இரண்டாவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும்: எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் இருக்கிறது என்று அது சொல்லவில்லை. ஒரு மனிதக் கூட்டத்தை அழிக்கலாமா என்பதற்கு இரண்டு பக்கம் கிடையாது. வரி எவ்வளவு இருக்கலாம், தொகுதியை எப்படிப் பிரிக்கலாம், கட்டாய வாக்களிப்பு சரியா, இதற்கெல்லாம் உண்டு. எது சர்ச்சை, எது உண்மை என்று பிரித்துக் காட்டுவதுதான் ஆசிரியரின் வேலை, அதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

ஆகவே உங்களிடம் என் முதல் கோரிக்கை இதுதான். கட்டாயப் பாடம் என்று ஆணை போடும்போதே, அந்த ஆணைக்குள்ளேயே இந்தக் காவலையும் எழுதிவிடுங்கள். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் கட்சி சார்ந்த கருத்தைத் திணிப்பதற்குத் தடை இருக்கிறது, சர்ச்சையான அரசியல் விஷயம் வந்தால் எதிர்க் கருத்துகளையும் சமன் செய்து முன்வைக்க வேண்டும் என்ற கடமையும் அடுத்தே இருக்கிறது. இந்த இரண்டும் சட்டத்தில் இருந்தால் என்னைப் போன்ற ஆசிரியருக்குப் பெரிய பாதுகாப்பு. மறுநாள் தொலைபேசி வந்தால், இரண்டு பக்கத்தையும் சொல்வது என் கடமை, இதோ விதி என்று நான் காட்டலாம். இப்போது என்னிடம் காட்ட எதுவும் இல்லை, அதனால்தான் வாயை மூடிக்கொள்கிறோம்.

இங்கிலாந்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது நல்ல செய்தி இல்லை. பேராசிரியர் பெர்னார்ட் கிரிக் தலைமையில் ஒரு குழு 1998இல் அறிக்கை கொடுத்து, 2002இல் குடிமைக் கல்வி அங்கே கட்டாயமானது. நல்ல அறிக்கை, நல்ல எண்ணம். ஆனால் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயமில்லாத பள்ளிகள் அங்கே பெருகின, இந்தப் பாடத்துக்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் குறைவு, கிடைத்த நேரத்தில் யாரோ ஒருவர் நடத்துகிற பாடமாகப் பல இடங்களில் ஆகிவிட்டது. 2018இல் அவர்களின் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் குழு ஒன்றே இந்தக் கல்வி தேய்ந்துபோய்விட்டது என்று எழுதியது. காகிதத்தில் கட்டாயம் என்று இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உங்கள் ஆணையில் எத்தனை பாடவேளை, யார் நடத்துவார், அவருக்கு எத்தனை நாள் பயிற்சி என்பது இல்லாவிட்டால், அந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார். நானே கொடுத்திருக்கிறேன்.

தேர்வை வைத்து இதைச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் 2015இல் ஒரு சட்டம் போட்டது: குடியுரிமை கேட்டு வருகிறவர்களிடம் கேட்பதற்காக அப்போது வைத்திருந்த 100 கேள்விகளில் 60க்குச் சரியான விடை எழுதினால்தான் உயர்நிலைப் பள்ளியில் தேர்ச்சி. பிறகு பல மாநிலங்கள் அதே வழியில் போயின. அதே நாட்டில் 2022இல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நடத்திய தேசிய மதிப்பீட்டில், குடிமையியலில் தேர்ந்தவர்கள் என்ற நிலையை எட்டியவர்கள் 22 சதவீதம்தான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, வகுப்பும் வேறு தேர்வும் வேறு. ஆனால் நூறு விடைகளை மனப்பாடம் செய்யவைப்பது எங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த வேலை, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிச் சொல்லித்தானே 41ஆவது நாளில் வந்து நிற்கிற பிள்ளைகளை உருவாக்கினோம்? குடிமைக் கல்வி பற்றிப் பல நாடுகளைச் சேர்த்து நடத்தும் சர்வதேச ஆய்வு ஒன்று உண்டு, 2009, 2016, 2022 என்று நடந்திருக்கிறது. வகுப்பில் தயங்காமல் கருத்துச் சொல்லலாம் என்ற நிலை இருக்கும் இடங்களில் மாணவர்களின் குடிமை அறிவும் பொதுவாகக் கூடுதலாக இருப்பதை அது காட்டியிருக்கிறது. அதாவது பேசவிட்டால் பாடம் கெட்டுப்போகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

எப்படி நடத்தலாம் என்று கேட்டால், நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பள்ளி நூலகம் மதிய இடைவேளையில் பூட்டியிருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், இதைத் திறக்கவைக்க முடியுமா பாருங்கள், ஆனால் சத்தம் போடாமல், எழுதிக் கேட்டு, என்றேன். முதல் கடிதம் தலைமையாசிரியருக்கு. அவர், என் கையில் இல்லை என்றார். இரண்டாவது நூலகப் பொறுப்பாளருக்கு. அவர்தான் உண்மையைச் சொன்னார்: ஒரு புத்தகம் காணாமல் போனால் அவருடைய சம்பளத்தில் பிடிக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது, இடைவேளையில் ஆளில்லாமல் திறந்து வைத்துவிட்டு அவர் எதற்காகச் சிக்கிக்கொள்ள வேண்டும்? அதுவரைக்கும் அவரை ஒரு சிடுமூஞ்சி என்று நினைத்திருந்த பிள்ளைகளின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்புறம் அந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடினார்கள், பள்ளி நிர்வாகக் குழு மாற்றக்கூடிய விதி அது. மனு எழுதினார்கள். குழு மறுத்துவிட்டது. என்ன காரணம் என்று எழுத்தில் கேட்டார்கள், மேற்பார்வைக்கு ஆள் இல்லை என்று பதில் வந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருவர் இருவராக முறைபோட்டு உட்கார்ந்து பதிவேடு எழுதுவார்கள் என்று மாற்று யோசனை கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் திறக்க அனுமதி கிடைத்தது. ஐந்து நாள் கேட்டதற்கு இரண்டு.

இதில் சட்டம், விதி, அதிகாரப் பகிர்வு, மறுபரிசீலனை, சமரசம் எல்லாம் வந்துவிட்டது, பாடப்புத்தகத்தில் ஐந்து அத்தியாயம். ஒரு வார்த்தை மனப்பாடம் இல்லை. அடுத்த படியாக ஊரின் வரவு செலவுக் கணக்கைப் படிக்கலாம், ஒரு மசோதா எங்கே ஆரம்பித்து எங்கே நிற்கிறது என்று ஒரு வருடம் தொடர்ந்து பார்க்கலாம். அரசாங்கத்திடம் இருக்கும் தகவலைக் கேட்டு வாங்கும் உரிமையை ஸ்வீடன் 1766இலேயே சட்டமாக்கியிருக்கிறது. இந்தியாவில் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது, பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இந்தச் சட்டம் எந்த ஆண்டு வந்தது என்பது ஒரு மதிப்பெண் கேள்வியாக வருகிறது. அந்த விண்ணப்பத்தை ஒரு தடவையாவது எழுதிப் பார்த்த மாணவர் எத்தனை பேர்?

பழைய பெருமைகளையும் இப்படித்தான் நடத்த வேண்டும் என்று நினைக்கிறேன். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி, குடவோலை முறை பற்றி, எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். சொல்லலாம், கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் உறவினர்களும் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே எழுதிவைத்தவர்கள். ஆனால் அதே கல்வெட்டில் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் இருப்பவர்தான் பெயர் எழுதிப் போடத் தகுதியானவர் என்று இருக்கிறதே, அப்படியானால் அந்த ஊரில் யார் யார் வெளியே நின்றிருப்பார்கள் என்று ஒரு கேள்வி கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும். ஏதென்ஸ் மக்களாட்சியைப் பற்றியும் அதே கேள்விதான், பெண்களும் அடிமைகளும் அங்கே கணக்கிலேயே இல்லை. பெருமையும் குறையும் ஒரே பாடவேளையில் வரட்டும், பிள்ளைகளால் தாங்க முடியும். தாங்க முடியாதவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

மதிப்பெண் விஷயம் ஒன்று பாக்கி. கருத்துக்கு மதிப்பெண் போடக் கூடாது, இதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஒரு மாணவர் எந்தப் பக்கம் நின்றாலும் பரவாயில்லை, எதிர்ப்பக்கத்தின் வாதத்தை, அந்தப் பக்கத்துக்காரர் கேட்டால் ஆமாம் இதைத்தான் சொல்கிறேன் என்று ஒத்துக்கொள்ளும்படி எழுதத் தெரிகிறதா, அதற்குப் போடலாம். தனக்கு வந்த ஒரு செய்தியை யார் முதலில் சொன்னார்கள் என்று தேடிக் கண்டுபிடித்தாரா, அதற்குப் போடலாம். எழுதிய மனு சரியான ஆளுக்குப் போய்ச்சேர்ந்ததா, அதற்கும் போடலாம். நார்வேயில் பொதுத் தேர்தலுக்கு முன்பு உயர்நிலைப் பள்ளிகளில் மாதிரித் தேர்தல் நடக்கிறது, கட்சிகளின் இளைஞர் அணியினர் வந்து மாணவர்கள் முன்னால் விவாதிக்கிறார்கள். எல்லாக் கட்சியையும் ஒரே மேடையில் நிற்கவைத்தால் யாரும் யாரையும் மூளைச்சலவை செய்ய முடியாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் எழுந்து, நீங்கள் போன தடவை சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியது அவர்கள்.

கடைசியாக ஒன்று. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது, கிட்டத்தட்ட எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதன் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஒரு பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உங்கள் கூட்டத்தைவிட அந்தப் பிள்ளையைப் பாதிக்கிற கூட்டம் எது? இந்தப் பாடத்தைப் பற்றி முடிவெடுக்க அடுத்து நீங்கள் கூடும்போது, இப்போது பள்ளியில் படிக்கிற நான்கு பேரை, அதில் இரண்டு பேராவது முதல் மதிப்பெண் வாங்காதவர்களாக, உங்களோடு சமமாக உட்காரவைத்துப் பேசவிடுங்கள். கூட்டக் குறிப்பில் அவர்கள் சொன்னதையும் எழுதுங்கள். ஏற்கவில்லை என்றால் என்ன காரணம் என்று அவர்களுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். அந்தத் தாளின் பின்பக்கத்தில், மறுபரிசீலனை கேட்க வேண்டுமானால் யாருக்கு, எத்தனை நாட்களுக்குள் எழுத வேண்டும் என்பதைச் சின்ன எழுத்தில் போடாமல், படிக்கிற அளவில் போட்டுக் கொடுங்கள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியை